அட்வான்ஸ் வாங்கினால் ஆளே சொந்தமா?

செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ கொத்தடிமைகளை மீட்டார்கள் என்று செய்தி வந்தால், டீக்கடையில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "அட்வான்ஸ் வாங்கிட்டுத்தானே வந்தாங்க? காசை வாங்கிட்டு, வேலை கஷ்டமா இருந்ததும் அடிமைன்னா எப்படி?" சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஆனால் கடன் என்ற பேச்சு வந்தால் போதும், நம் நியாயம் பணம் கொடுத்தவன் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை?

முறைதான். கொடுத்த கடனைக் கேட்க சிவில் கோர்ட் இருக்கிறது. வீட்டுக்கடன் வாங்கியவரிடம் வங்கி மேலாளர், "தவணை முடியும்வரை வேறு கம்பெனிக்கு மாறக் கூடாது, ஊருக்குப் போவதானால் மனைவியை எங்கள் கிளையில் விட்டுவிட்டுப் போங்கள்" என்று சொன்னால் சும்மா இருப்போமா? சூளைகளில் இது பழகிப்போன நடைமுறை. சாவுச் சேதி வந்தாலும் குடும்பமாக அனுப்ப மாட்டார்கள். புருஷன் போனால் பெண்டாட்டி இருக்க வேண்டும். இருவரும் போக வேண்டுமென்றால் பிள்ளை இருக்க வேண்டும். கடனுக்கு நகையை அடகு வைப்பதுண்டு. இங்கே அடகுப் பொருள் அந்தப் பிள்ளை.

"உழைத்துக் கழித்துவிட்டுப் போகலாமே" என்பார்கள். கழித்துத்தான் பார்ப்போம். பேச்சுக்கு, முன்பணம் 60,000 என்று வையுங்கள். புருஷனும் பெண்டாட்டியும் விடியலுக்கு முன்பே எழுந்து மண் குழைத்து, நாளைக்கு ஆயிரம் கல் அறுக்கிறார்கள். ஆயிரத்துக்குக் கூலி 700. ஆறு நாளைக்கு 4,200. அதில் அரிசி பருப்புக்கு வாரச் செலவுக்காசு 1,500 போக, 2,700 அட்வான்ஸில் கழியும். பொங்கல் கழிந்து தொடங்கி மழை வரும்வரை 22 வாரம் என்றால் 59,400. ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல், ஒரு கோடை மழைகூடப் பச்சைக் கல்லைக் கரைக்காமல் இருந்தால், இன்னும் 600 ரூபாய் பாக்கி! கல்லைத் திருப்பிப்போட்டுக் காயவைத்த பிள்ளைகளின் உழைப்பு எந்த நோட்டிலும் ஏறாது. அந்த நோட்டும் முதலாளியிடம்தான் இருக்கும். மழைக்காலத்தில் வேலை கிடையாது, வயிறு கேட்காது, மேஸ்திரி அடுத்த அட்வான்ஸோடு வாசலில் நிற்பார். இதைத்தான் "விரும்பி வந்தார்கள்" என்கிறோம். அப்படி விரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இருளர்களாகவும் தலித்துகளாகவும் இருக்கிறார்களே, ஏன் என்று டீக்கடையில் யாரும் கேட்பதில்லை.

முன்பணம் வாங்கியவன் வேலையை முடிக்காமல் போனால் அது குற்றம் என்பது ஏதோ காலங்காலமாக வந்த தர்மம் போலத் தோன்றுகிறது. சட்டப் புத்தகத்தில் அது வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. கல்கத்தா வணிகர்களின் நெருக்குதலால் 1859-இல் ஒரு சட்டம் வந்தது. அட்வான்ஸ் வாங்கிவிட்டு வேலை செய்யாத தொழிலாளியை மாஜிஸ்திரேட் மூன்று மாதம்வரை கடுங்காவலில் போடலாம். சென்னையிலும் அது செல்லுபடியானது. அசாம் தேயிலைத் தோட்டத் துரைமார்களுக்கும் கைகொடுத்தது. அந்த அரசே வெட்கப்பட்டு 1925-இல் அதை நீக்கியது. நம் டீக்கடையில் மட்டும் அது இன்னும் அமலில் இருக்கிறது.

இலங்கைத் தோட்டங்களில் நம்மவர்களைக் கட்டிப்போட்டதும் இதே கணக்குதான். கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறியிருக்கும். அந்தப் பணத்தை அடைக்கிற துரையின் தோட்டத்துக்குத்தான் தொழிலாளி மாற முடியும். 1921-இல் அதை ஒழித்தார்கள். மலையகத் தமிழர் கதையைப் படித்து உருகுகிறவர்கள், அதே துண்டு முறை திருவள்ளூர்ச் சூளையில் நடந்தால் முதலாளியின் நஷ்டத்தை எண்ணிக் கவலைப்படுகிறார்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அப்படிப்பட்ட கடன் எதுவானாலும் அன்றோடு தீர்ந்தது என்று அது சொல்கிறது. குறைக்கச் சொல்லவில்லை, தவணை கொடுக்கவும் சொல்லவில்லை. கடனே இல்லை. கடனுக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலோ, விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் போனாலோ, குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காமல் போனாலோ, ஏதேனும் ஒன்று இருந்தால் போதும், அது கொத்தடிமை முறைதான். "கையில செல்போன் இருக்கு, சந்தைக்குப் போய் வர்றான், இவனா அடிமை?" என்கிறவர்கள் சங்கிலியைத் தேடுகிறார்கள். சட்டம் சங்கிலியைக் கேட்கவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கில், பசியும் ஒரு கட்டாயம்தான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்த ஆண்டு, ஃபரிதாபாத் கல்குவாரி வழக்கு. கட்டாய உழைப்பாகவே இருந்தாலும், முன்பணம் வாங்கியதைத் தொழிலாளிகள் நிரூபிக்காதவரை கொத்தடிமைகள் ஆகமாட்டார்கள் என்று ஹரியானா அரசு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டாயமாக வேலை வாங்குவது தெரிந்தாலே, முன்பணத்துக்காகத்தான் என்று கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டுவது முதலாளியின் பாடு. டீக்கடையில் முதலாளியைக் காப்பாற்றுகிற அதே அட்வான்ஸ்தான், கோர்ட்டில் அவருக்கு எதிரான சாட்சி.

"இதெல்லாம் கலெக்டரும் தொண்டு நிறுவனங்களும் பார்த்துக்கொள்ள வேண்டியது, நாம் என்ன செய்ய முடியும்?" என்பது அடுத்த சமாதானம். மீட்பது கோட்டாட்சியர் வேலை. விடுதலைச் சான்றிதழ் தருவதும் அவர்தான். ஆனால் சூளையிலிருந்து ஓடிவந்த குடும்பம் முதலில் சந்திப்பது அவரை அல்ல. பஸ் ஸ்டாண்டில் விசாரிப்பவரை, ஊர்ப் பெரியவரை, வார்டு மெம்பரை, ஏட்டையாவைத்தான். அவர்கள் வாயில் வருவது டீக்கடை நியாயமாக இருந்தால், 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குடும்பத்தை எட்டவே எட்டாது. வீடு கட்டும் நாம், வந்து இறங்கிய கல்லில் இரண்டை எடுத்துத் தட்டி 'ணங்' என்று கேட்கிறதா பார்க்கிறோம். அறுத்தவர் ஊருக்குப் போக முடிகிறதா என்று சப்ளையரிடம் கேட்க ஒரு நிமிஷம் ஆகாது.

ஸ்டேஷன் வாசலில் முதலாளியையும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தி, "ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கணக்கை முடிச்சுக்குங்க" என்று பஞ்சாயத்துப் பேசுவது நம்மிடம் பெரிய மனுஷத்தனமாகக் கருதப்படுகிறது. அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் படித்தவர் அப்படிப் பேச மாட்டார். தீர்ந்துபோன கொத்தடிமைக் கடனுக்கென்று ஒரு ரூபாய் வாங்கினாலும், வாங்கியவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை.