தீவில் விடப்பட்ட மனிதன்



ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போது, ‘இதில் யார் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்பது நம் இயல்பு. ‘இதில் யார் இல்லை?’ என்று கேட்பவர் சிலரே. ஆயினும் சில ஓவியங்களின் உட்பொருள் அவ்விரண்டாம் வினாவை எழுப்பிய பின்னரே விளங்கும். இத்திங்கள் நாம் காணவிருக்கும் டென்மார்க் நாட்டு ஓவியம் அவ்வகையைச் சேர்ந்தது.

‘காயமுற்ற பிலோக்டீட்டஸ்’ என்பது அதன் பெயர். வரைந்தவர் நிக்கோலாய் அபில்கோர். 1743இல் கோபன்ஹேகன் நகரில் பிறந்த இவர், அந்நகர்க் கலைக்கழகத்தின் உதவித்தொகை பெற்று 1772இல் உரோமை நகர் சென்றார். ஐந்தாண்டுகள் அங்கே தங்கிப் பண்டைச் சிற்பங்களையும் ஓவியங்களையும் பயின்றார். அக்காலத்தில், 1774, 75 ஆகிய ஆண்டுகளில் உருவானதே இவ்வோவியம். ஏறத்தாழ நான்கடி உயரமும் ஆறடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட இது, கோபன்ஹேகனில் உள்ள தேசிய ஓவியக்கூடத்தின் உடைமையாகும்.

ஓவியத்தைக் காணுமுன் கதையை அறிவது நலம். கிரேக்கர் டிராய் நகர்மீது படையெடுத்துச் சென்றபோது, பிலோக்டீட்டஸ் என்னும் வில்வீரனும் உடன் சென்றான். மாவீரன் ஹெர்குலிஸ் அளித்த வில்லும் குறி தவறாத அம்புகளும் அவனிடம் இருந்தன. வழியில் ஒரு பாம்பு அவன் காலைத் தீண்டிற்று. புண் ஆறவில்லை, அழுகி நாறியது. வலி தாளாமல் அவன் எழுப்பிய ஓலம், தோழர்கள் அமைதியாக வழிபாடு செய்வதற்கும் இடையூறாயிற்று. ஆகவே படைத்தலைவர்களின் ஆணைப்படி ஒடிசியஸ் என்பவன் அவனை லெம்னோஸ் தீவில் விட்டுச் சென்றான். ஹோமரின் இலியட் காவியமும் அவன் அத்தீவில் வேதனையுற்றுக் கிடப்பதைக் குறிப்பிடுகிறது.

ஆண்டுகள் பல கழிந்தன. பிலோக்டீட்டஸும் அவன் வில்லும் இன்றி டிராய் வீழாது என்று ஒரு குறிசொல்வோன் உரைத்தான். எவனை வேண்டாமென்று எறிந்தார்களோ, அவனே இப்போது தேவைப்பட்டான். அவனை அழைத்துவர ஒடிசியஸும், அக்கிலிஸின் மைந்தனான இளைஞன் நியோப்டோலமஸும் தீவுக்குச் சென்றனர். இந்நிகழ்ச்சியை நாடகமாக்கிய சோபோக்கிளிஸ், கி.மு. 409இல் அது ஏதென்ஸில் நடிக்கப்பெற்றபோது எண்பது வயதைக் கடந்த முதியவர். இதே கதையை அவருக்கு முன்னரே நாடகமாக்கியோர், தீவில் மக்கள் வாழ்வதாகக் காட்டியிருந்தனர். சோபோக்கிளிஸோ அதை மனித நடமாட்டமற்ற தீவாக்கினார். நோயுற்றவனின் தனிமைக்கு அவர் அளித்த வடிவம் அது. ஒரு குகை, இலைகளைப் பரப்பிய படுக்கை, ஒரு மரக்குவளை, சீழ் படிந்து வெயிலில் காயும் கந்தல் துணிகள். இவையே அவன் உடைமைகள். எப்போதேனும் கரையொதுங்கும் மாலுமிகள் இரக்கத்தோடு பேசுவர். சிறிது உணவோ உடையோ தருவர். ஆனால் கப்பலில் ஏற்றி வீடு சேர்க்க ஒருவரும் இசையவில்லை.

இனி ஓவியத்துக்கு வருவோம். படச்சட்டம் முழுவதையும் ஓர் ஆண்மகனின் உடல் அடைத்துக்கொண்டிருக்கிறது. முதுகு வில்லென வளைந்திருக்கிறது. கைகள் புண்பட்ட காலைப் பற்றியிருக்கின்றன. காற்றில் கலைந்த தலைமயிர். சற்றே திறந்த வாய். வலியால் மாறிய முகம். பின்னணியில் இருளே மிகுதி. நிமிர்ந்தால் தலை சட்டத்தில் இடிக்குமோ, காலை நீட்டினால் அதற்கு இடமிருக்குமோ என்று நாம் ஐயுறும் அளவுக்கு அவன் அதற்குள் அடைபட்டிருக்கிறான். கடலையும் வானையும் விரிவாகத் தீட்டித் தனிமையைக் காட்டியிருக்கலாம். அபில்கோர் அதைச் செய்யவில்லை. கடும் நோயுற்றவனுக்கு உலகம் தன் உடலளவாகச் சுருங்கிவிடுகிறது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் போலும்.

இவ்வோவியத்தை அறிஞர்கள் இருவகையாக விளக்குவதுண்டு. வத்திக்கான் கலைக்கூடத்தில் தலையும் கைகளும் இன்றி எஞ்சியுள்ள, அமர்ந்த நிலையிலான பழங்காலச் சலவைக்கல் உடலொன்று புகழ்பெற்றது. அபில்கோர் அதன் தசைத் திரட்சியைத் தம் வீரனுக்கு அளித்தார் என்பது ஒரு விளக்கம். மற்றொன்று, அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு விவாதத்தைச் சார்ந்தது. பாம்புகளால் சுற்றப்பட்ட லாவோக்கூன் சிலையை வியந்த ஜெர்மானிய அறிஞர் வின்கல்மான், உயர்ந்த உள்ளம் பெருந்துன்பத்திலும் அலறாது என்று 1755இல் எழுதினார். பிலோக்டீட்டஸையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். 1766இல் லெஸ்ஸிங் அதை மறுத்தார்: சோபோக்கிளிஸின் வீரன் வாய்விட்டு அலறுகிறானே; அதனால் அவன் வீரம் குன்றிவிட்டதா? ஆயினும் கவிதையில் ஒலிக்கும் ஓலத்தை ஓவியத்தில் காட்டலாகாது, அகலத் திறந்த வாய் அழகைக் கெடுக்கும் என்பதும் லெஸ்ஸிங்கின் கருத்து. அபில்கோரின் தூரிகை இவ்விரு கருத்துகளுக்கும் இடையே செல்கிறது. அவர் வலியை மறைக்கவில்லை. வலியுற்றவனின் மாண்பையும் குலைக்கவில்லை.

இவ்விளக்கங்கள் ஏற்கத்தக்கவையே. ஆயினும் முதலில் எழுப்பிய வினா இன்னும் எஞ்சி நிற்கிறது. இதில் யார் இல்லை? ஒடிசியஸ் இல்லை, நியோப்டோலமஸ் இல்லை, இரக்கமுற்ற மாலுமிகளும் இல்லை. அவனைக் காண்பவர் ஒருவரே. படத்தின் முன் நிற்கும் நாம். தீவுக்கு வந்து சேர்ந்தவர்களின் இடத்தில் ஓவியர் நம்மை நிறுத்திவிடுகிறார். நாம் எவ்வாறு வந்தவர்கள் என்பதே அவ்வெற்றிடம் கேட்கும் கேள்வி.

நாடகத்தில் அவன் இருமுறை விழித்தெழுவதை அறிகிறோம். முதன்முறை, கிரேக்கர் அவனைக் கைவிட்ட நாளன்று. அயர்ந்து உறங்கியவன் கண் விழித்தபோது கரையில் ஒரு கப்பலும் இல்லை. சில கந்தல்களையும் சிறிது உணவையும் வைத்துவிட்டு யாவரும் போய்விட்டிருந்தனர். இரண்டாம் முறை, நியோப்டோலமஸ் வந்த பின்னர். பொய் சொல்லி நம்பிக்கை பெற்ற அவ்விளைஞனிடம், வலி மேலிட்டபோது தன் வில்லையே காக்கும்படி ஒப்படைத்துவிட்டு உறங்கிப்போகிறான். நாடி வந்த பொருள் இப்போது இளைஞன் கையில். புறப்பட்டுவிடலாம் என்று உடன் வந்தோரும் தூண்டுகின்றனர். அவனோ அகலவில்லை. கண் விழித்த நோயாளி, தன் நாற்றத்தையும் ஓலத்தையும் பொறுத்து ஒருவன் அருகே இருப்பதைக் கண்டு வியக்கிறான். அந்த நன்றிப் பெருக்கு இளைஞனின் உள்ளத்தை அறுக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறான், பின்னர், ஒடிசியஸ் தடுத்தும் கேளாமல் வில்லைத் திருப்பிக் கொடுக்கிறான். முடிவில் ஹெர்குலிஸ் தோன்றி வழிகாட்ட, பிலோக்டீட்டஸ் குணம் பெறும் நம்பிக்கையோடு தீவைவிட்டுப் புறப்படுகிறான்.

நோயுற்றோரைக் காணச் செல்வது நற்செயல் என்பதை நாம் அறிவோம். ஆனால் பழங்களை வைத்துவிட்டு விரைந்து திரும்பும் மாலுமிகளாகவும் நாம் செல்லலாம். பத்திரத்தில் ஒரு கையெழுத்து வேண்டும்போது மட்டும் பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து நலம் விசாரிக்கும் ஒடிசியஸாகவும் செல்லலாம். கடைசி அறையில் படுத்திருப்பவரிடம் நம்மை இழுத்துச் செல்வது அவரா, அவர் கையிலுள்ள வில்லா? இதை நம்மிடம் கேட்பார் எவரும் இலர். நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞனும் பொய்யோடுதான் வந்தான். ஆயினும் நோயாளி உறங்கியபோது எழுந்து போகாமல் அருகே இருந்தான். அங்கேதான் அவன் மனம் மாறத் தொடங்கியது. தூய எண்ணம் பிறக்கட்டும், பிறகு போவோம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை அந்த அறைக்குச் சென்று, அவர் கண்ணயர்ந்தாலும் எழுந்துவிடாமல் சிறிது நேரம் அமர்ந்திருப்போம். விழிக்கும்போது அவர் பார்வை வெறுங்கரையில் விழாதிருக்கட்டும்.