ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சூடான பெட்டி

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்றதும் அதன் தங்கக் கண்ணாடியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். இந்த வாரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைப் பார்ப்போம்.

வெப் பார்ப்பது அகச்சிவப்புக் கதிர்களை. சூடான எந்தப் பொருளும் அதை வீசும், தொலைநோக்கியே சூடானாலும்கூட! அதனால் ஐந்து அடுக்குத் திரை வெயிலை மறைக்க, கருவிகள் சுமார் மைனஸ் 233 டிகிரியில் இருக்கின்றன. ஆனால் அவற்றை இயக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கோ நம் வீட்டு அறையின் சூடு வேண்டும். தள்ளி வைக்கலாமே என்கிறீர்களா? வயர் நீண்டால் சிக்னலில் இரைச்சல் சேரும். அதனால் கிட்டேயே வைத்தார்கள். அது கக்குவது 200 வாட் சூடு. பழைய குண்டு பல்பு இரண்டை ஃப்ரிட்ஜுக்குள் எரியவிட்ட மாதிரி! கருவிகள் பக்கம் போகாமல், தடுப்புகள் வைத்து அந்தச் சூட்டை விண்வெளிக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஹபிளுக்குப் போனதுபோல் ஆள் போய் ரிப்பேர் பார்க்க முடியாது. தூரம் 15 லட்சம் கிலோமீட்டர். 2021 கிறிஸ்துமஸ் அன்று ராக்கெட் கிளம்பியபோது அந்தப் பொறியாளர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

மேலே போன பிறகு ஒன்று தெரிந்தது. பெட்டியின் ஹீட்டர்கள் ஆனாகி ஆஃபாகும்போது, சில நிமிடத்துக்கு ஒருமுறை தொலைநோக்கி ஒரு துளி அசைகிறது. சில நானோமீட்டர்தான், தலைமுடித் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதையும் அளந்துவிட்டார்கள்!

2022 ஆகஸ்டில், சுமார் 700 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள வாஸ்ப்-39பி கோளின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பது தெரியவந்தது. தன் நட்சத்திரத்தின் முன்னால் அந்தக் கோள் கடந்தபோது, அந்த வாயு மறைத்த ஒளி நூற்றில் அரைப் பங்குகூட இல்லை.