பிறப்பு முதல் பின்தொடரும் ஆய்வுகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

"எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும்" என்ற செய்தியைப் படித்துப் பெற்றோர் பலர் அச்சம் கொள்கின்றனர். இத்தகைய முடிவுகள் பெறப்படும் முறையை அறிந்தால், அவற்றை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பதை நீங்களே எடைபோட இயலும்.

ஆய்வு முறை

30 வயதினரையும் 60 வயதினரையும் ஒரே நாளில் பரிசோதித்து ஒப்பிடுவது எளிது. ஆனால், இவ்விரு தலைமுறையினரின் உணவும் உழைப்பும் வேறானவை. காணப்படும் வேறுபாடு வயதால் வந்ததா, வளர்ந்த காலத்தால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. எனவே, ஒரே காலத்தில் பிறந்தவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்கின்றனர்.

தெற்கு டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த 8,181 குழந்தைகளைக் கொண்டு இத்தகைய ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது. அவர்களுள் 1,492 பேர் 26 முதல் 32 வயதில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். 4.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயும், 10.8 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் பொதுவாக 2 வயது வரை மெலிந்திருந்து, பின்னர் விரைவாக எடை கூடியவர்கள். ஆயினும், 12 வயதில் அவர்களுள் எவருக்கும் உடல் பருமன் இல்லை என 2004-இல் வெளியான முடிவுகள் கூறின.

வரம்புகள்

தொடக்கத்தில் இருந்தவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இப்பரிசோதனையில் இடம்பெறவில்லை. விடுபட்டவர்களின் உடல்நிலை வேறுபட்டிருக்கக்கூடும். விடை கிடைக்க 30 ஆண்டுகள் ஆயின. அதற்குள் குழந்தைகளின் உணவும் வாழ்க்கை முறையும் மாறிவிட்டன. மேலும், இரண்டு நிகழ்வுகள் தொடர்புற்றிருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது. பரிசோதிக்கப்பட்ட 100 பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு அவ்வயதில் இப்பாதிப்புகள் இல்லை. குழுவில் காணும் போக்கு, உங்கள் குழந்தையின் விதி அன்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

• செய்திக்கு அஞ்சிக் குழந்தையின் உணவைக் குறைக்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் தாய்ப்பாலும், 6 மாதம் முடிந்தபின் இணை உணவும் இன்றியமையாதவை.
• எடையையும் உயரத்தையும் தாய் சேய் நல அட்டையில் தவறாது பதியச் செய்யுங்கள். 2 வயதுக்குப் பின் எடை மிக விரைவாகக் கூடினால், குழந்தை பருமனாகத் தோன்றாவிடினும் மருத்துவரை அணுகுங்கள்.
• 30 வயது நிறைந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.
• தொடர் ஆய்வில் பங்கேற்பது உங்கள் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பங்கேற்பவர்கள் முகவரி மாறினால் ஆய்வுக் குழுவினருக்குத் தெரிவியுங்கள். ஒருவர் விடுபட்டாலும் அவரது பல்லாண்டுப் பதிவுகள் முற்றுப்பெறாமல் நின்றுவிடும்.