பெட்டியில் வந்த புத்தகங்கள்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் அன்பர் ஒருவர் நமது இல்லத்துக்கு வந்தார். ஒருகாலத்தில் நம்மிடம் பயின்றவர். இப்பொழுது சிறு கடையொன்று நடத்துகின்றார். அவருடைய மகள் மருத்துவ பீடத்தில் இறுதியாண்டு மாணவி. அவசர சிகிச்சைப் பிரிவில் நின்று பயிலும் முறை அவளுக்கு நெருங்கிவிட்டது. அன்பரின் கையில் ஒரு கடதாசி இருந்தது. கனடாவிலுள்ள மைத்துனர் எழுதியனுப்பிய ஏழு நூல்களின் பட்டியல் அது. அவற்றுள் மூன்று, மைத்துனரின் மகன் படித்து முடித்தவை, பெட்டியொன்றில் வந்து சேர்ந்துவிட்டனவாம்.

"மாஸ்டர், மிச்சம் நாலையும் வாங்கவேணுமெண்டால் தாயின்ரை சங்கிலியைத்தான் ஈடு வைக்கவேணும். வாங்கட்டோ?" என்றார்.

நாம் வைத்தியரல்லோம். ஆயினும் மாணாக்கருக்குப் புத்தகந் தெரிந்து கொடுப்பது ஆசிரியத் தொழிலின் ஒரு பாகமன்றோ? நம்மிடம் படித்து வைத்தியராகிய மற்றொருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பெட்டியின் முன் அமர்ந்தோம்.

பட்டியலிலிருந்த நூல்கள் யாவும் அமெரிக்க மாணவர்க்கென எழுதப்பட்டவை. அங்கே இறுதியாண்டு மாணவர் பெரும்பாலும் நாலு கிழமை அளவில் அவசர சிகிச்சைப் பிரிவில் முறை நிற்பர். அவசர மருத்துவம் அந்நாட்டில் தனித்துறையென ஏற்றுக்கொள்ளப்பட்டது 1979இல். அதற்கு முந்திய ஆண்டில், துறைப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்வோருக்கு ஒரு வழிகாட்டியாக வெளிவந்ததே இன்று ஜூடித் டின்டினாலியின் பெயரால் வழங்கும் நூல். பிறந்தபோது அது வழிகாட்டி. பதிப்புக்குப் பதிப்பு பருத்து, இப்பொழுது ஈராயிரம் பக்கங்களைக் கடந்து நிற்கின்றது. 1983இல் முதன்முதல் வெளிவந்த பீற்றர் ரோசனின் நூலும் இதற்கு இளைத்ததன்று. இருபத்தெட்டு நாளில் ஈராயிரம் பக்கம் என்றால் நாளொன்றுக்கு எழுபதுக்கு மேல் வரும். இராமுழுதும் நோயாளரோடு நின்று விடியலில் விடுதிக்குத் திரும்பும் பிள்ளை எழுபது பக்கம் படிப்பாளென எண்ணுவது பெற்றோரின் ஆசையேயன்றி வேறில்லை. இவ்விரண்டும் நூல்நிலையத்தில் இருக்கவேண்டியவை. ஐயம் எழுந்தபோது அங்கு சென்று பார்த்துக்கொள்ளலாம்.

அவசரப் பிரிவுக்கு வருபவன் தன் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு நோகுது" என்றுதான் வருகின்றான். ஆகவே மாணவி கைக்கொள்ளும் நூலும் அந்த முறைப்பாட்டிலிருந்தே தொடங்கவேண்டும். கடையில் நூலை எடுத்ததும் நெஞ்சுநோவுப் பகுதியைத் திறந்து பார்க்குமாறு வைத்தியர் சொல்லித்தந்தார். மாரடைப்பு, பெருநாடியின் சுவர் கிழிதல், சுவாசப்பைக் குருதிக்குழாயைக் குருதிக்கட்டி அடைத்தல், நெஞ்சறையிற் காற்றேறிச் சுவாசப்பையை அமுக்குதல், உணவுக்குழாய் வெடித்தல் ஆகிய உயிர்கொல்லிகளை முதலில் வைத்து, இவை இல்லையென்று அறிந்துகொள்ளும் வழியைக் கூறுகின்றதா? கூறுமாயின் வாங்கலாம். நோய்களை வெறும் வரிசையாக அடுக்கிச்செல்லுமாயின், எத்துணைப் பெரியவர் எழுதியதாயினும், இம்முறைக்கு அது உதவாது.

பெட்டியில் இருந்த மூன்றில் ஒன்று இச்சோதனையில் தேறிற்று. மகாதேவன், கார்மெல் என்னும் இருவர் பதிப்பித்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தார் வெளியிட்ட அறிமுக நூல் அது. முதற் பெயரைக் கேட்டதும் அன்பரின் முகம் மலர்ந்தது. பெயர்பார்த்துப் புத்தகம் தெரிதல் ஆகாதென்று நாம் சொல்லவேண்டியதாயிற்று. ஆயினும் அந்நூலின் அதிகாரங்கள் நோயாளியின் முறைப்பாட்டைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. கையில் இருந்தது 2012ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு.

இரண்டாவது, தடித்த டின்டினாலி. அன்பருக்கு அதன்மேற்றான் பெருமை. தபாற்செலவில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். நாம் முதற்பக்கத்தைப் புரட்டி ஆண்டைப் பார்த்தோம்: 2004. வைத்தியர் ஒன்றும் பேசாமல், நின்றுபோன இருதயத்தை மீட்கும் பகுதியை எடுத்துக் காட்டினார்.

2010க்கு முன்னர், மயங்கி வீழ்ந்து மூச்சும் நாடியும் நின்றவனுக்கு முதலிற் சுவாசவழியைத் திறந்து, மூச்சூட்டி, அதன்பின்னரே நெஞ்சை அமுக்கவேண்டுமெனக் கற்பித்தனர். அவ்வாண்டில் அமெரிக்க இருதயச் சங்கத்தார் அவ்வொழுங்கை மாற்றி, நெஞ்சமுக்கலை முதலாவதாக்கினர். மூச்சூட்ட ஆயத்தஞ்செய்வதிற் கழியும் நொடிகளில் மூளைக்குக் குருதி செல்வதில்லை என்பதே காரணம். இருதயம் அசைவற்று நின்றபோது வழக்கமாகக் கொடுத்துவந்த அற்றோப்பின் மருந்தும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 2015இல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குக என்று மேலெல்லையும் வகுத்தனர். வரலாற்று நூலொன்று இருபதாண்டு பழையதாயின் பரீட்சையிற் சில புள்ளிகள் குறையும். இங்கே குறைவது வேறு. மகாதேவன் நூலிலும் 2015இன் மாற்றம் இருக்க வழியில்லை. அதற்குரிய பக்கத்தில் விரிவுரையாளர் தரும் தாளை ஒட்டிக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, சட்டைப்பையில் அடங்கும் மருந்துக் கையேடு. அளவுக்கு அழகானது, ஆனால் அமெரிக்கப் பெயர்களால் ஆனது. நமது வைத்தியசாலையில் அட்ரினலின் என்பதை அவர்கள் எப்பிநெப்ரின் என்பர். நமது சல்பியூற்றமோல் அங்கே அல்பியூற்றரோல், பரசிற்றமோல் அசெற்றமினோபென். நடுச்சாமத்தில், தாதியார் மருந்துப் பெயரைக் கேட்டு நிற்கும்வேளையிலா அகராதி தேடுவது? அதை விட்டுவிடுமாறு கூறினோம்.

இன்னுமொரு குறையை வைத்தியரே எடுத்துரைத்தார். பாம்புக்கடி பற்றி அமெரிக்க நூல்கள் விரிவாகக் கூறுவது தம் நாட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பைக் குறித்தாம். நமது வயலிலும் வளவிலும் இருப்பவை நாகமும், புடையன் என நாம் வழங்கும் கண்ணாடி விரியனும், கட்டுவிரியனும் அல்லவா? அவற்றுள் கட்டுவிரியன் இரவில் நிலத்திற் பாய்விரித்துப் படுத்தவனைத் தீண்டும். நோவு சிறிது; கடிவாயும் எளிதிற் புலப்படாது. வயிற்றுநோவென்று விடியலில் வருபவனுக்குக் கண்ணிமை சரிந்து, பின்னர் மூச்சும் தளரக்கூடும். இதனைக் கற்க இலங்கை மருத்துவச் சங்கத்தார் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டி உண்டு. மைத்துனரின் பட்டியலில் அது இல்லை, எங்ஙனம் இருக்கும்?

வாங்கவேண்டிய நாலில் மூன்றை அடித்துவிட்டோம். மிஞ்சியது 'கேஸ் பைல்ஸ்' என்னும் வரிசையில் அவசர மருத்துவத்துக்குரிய ஒரு நூல். ஒவ்வொரு பகுதியும் ஒரு நோயாளியின் கதையிற் றொடங்கி வினாக்களில் முடியும். களைத்து வந்தவளும் உறங்குமுன் ஒரு கதை படித்துவிடலாம். அமெரிக்காவில் இம்முறையை நடத்தும் ஆசிரியர்களின் சங்கத்தார் மாணவர்க்கென எழுதிய பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்குச் சங்கிலி வேண்டியதில்லை.

அன்பர் கணக்குப் பார்த்து ஆறுதலடைந்தார். ஆனால் எழுந்து போகவில்லை. தடித்த நூலைத் தடவிக்கொண்டு, "இதை என்ன செய்யிறது, மாஸ்டர்? மச்சான் ஆசையா அனுப்பினவர்" என்றார்.

எறியவேண்டாம் என்றோம். மகள் தன் கையாலேயே முதற்பக்கத்திலும், இருதயத்தை மீட்கும் பகுதியின் தலைப்பிலும், '2010க்கு முந்தியது' எனச் சிவப்பு மையால் எழுதிவைக்கட்டும். அவர் நமது மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துச் சட்டைப்பையிற் செருகிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். பேனா இன்னும் திரும்பி வரவில்லை.