கதிரூட்டிய உணவும் கண்கட்டிய மக்களும்

வெங்காயம் முளைவிடாதிருக்கவும், மிளகாய்த்தூளில் நுண்ணுயிர் தங்காதிருக்கவும், மாங்கொட்டையுள் ஒளிந்திருக்கும் வண்டு பெருகாதிருக்கவும் அவற்றின்மேல் காமாக் கதிரைச் செலுத்தும் முறைக்கு இந்நாட்டில் சட்ட இசைவு கிடைத்து முப்பதாண்டுகள் கடந்துவிட்டன. 1994-இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றுக்கு முதற்கண் இசைவு தரப்பெற்றது. பின்னர்ப் பட்டியல் நீண்டது. ஆயினும் இன்று மதுரை மாசி வீதியிலோ தஞ்சைக் கீழவாசலிலோ கடைக்கு வருவாரை நிறுத்தி, ‘கதிரூட்டிய உணவு என்றால் என்ன?’ என்று கேட்டால் விடை கூறுவார் எத்துணைப் பேர்? ‘அணுக்குண்டுக் கதிராயிற்றே! உண்டால் புற்றுநோய் வரும்’ என்று ஒருவர் அஞ்சுவார். ‘அரசு இசைந்ததென்றால் தீங்கிராது’ என்று மற்றொருவர் அமைவார். இருவரும் அறிந்து சொல்லவில்லை. அவர்களைக் குறைகூற நாம் முற்படவில்லை. அவர்கள் உண்ணும் உணவைப் பற்றி அவர்கள் மொழியில் அவர்களிடம் எவரும் பேசவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

முதலிற் சொல்லைச் சீர் செய்வோம். கதிரியக்கம் வேறு, கதிரூட்டல் வேறு. தானே கதிரை உமிழும் பொருளின் தன்மை கதிரியக்கம். வெளியிலிருந்து ஒரு பொருளின்மேல் கதிரைப் பாய்ச்சும் வினை கதிரூட்டல். கோபால்ட்டு-60 என்னும் கதிரியக்கப் பொருளினின்று வரும் கதிர் வெங்காயத்தை ஊடுருவி, முளைக்கும் உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைத்து, அப்பாற் சென்றுவிடுகின்றது. அக்கதிரின் ஆற்றல் வெங்காயத்தையே கதிரியக்கப் பொருளாக மாற்றப் போதாது. வெயிலிற் காய்ந்த வற்றல் இரவில் வெயிலை வீசுவதில்லை. (உவமை முழுதும் பொருந்தாது, ஆயினும் வழி காட்டும்.) அணுக்கூறு பற்றிய இடர் உண்மையில் இருப்பது, கோபால்ட்டுக் கோல்களை நீர்த்தொட்டியில் அமிழ்த்தித் தடித்த சுவர்களுக்குள் காத்து நிற்கும் ஆலையில், உண்பவன் தட்டிலன்று. தட்டிற்கு வருவது வேறொரு வினா: ஊட்டங்களிற் சில குறைகின்றனவா, புதிய வேதிப்பொருள்கள் தோன்றுகின்றனவா என்பது. தயமின் போன்ற சில ஊட்டங்கள் ஓரளவு குறைகின்றன; கொழுப்புள்ள உணவில் சில புதுப்பொருள்கள் சிற்றளவிலே தோன்றுகின்றன. வறுப்பதிலும் பொரிப்பதிலும்கூட இவைபோன்ற மாற்றங்கள் உண்டு.

இவ்வேறுபாட்டை ஆங்கிலம் அறியாத ஒருவர்க்கு இரண்டே சொற்களால் விளக்க முடிகின்றதன்றோ? ஆனால் நம் நாளேடுகள் ‘கதிரியக்க வெங்காயம்’ என்றும் ‘கதிர்வீச்சு உணவு’ என்றும் கைக்கு வந்தவாறு எழுதும்போது, அச்சத்தை விதைப்பது கோபால்ட்டு அன்று, மொழிபெயர்ப்பாளரின் சோம்பலே. கதிர் என்பது நமக்கு நெல்லின் சொல், ஞாயிற்றின் சொல். அச்சொல்லைக் கேட்ட அளவில் தமிழன் நடுங்க வேண்டியதில்லை.

பெயரிடுவதில் எத்துணை வாணிகம் அடங்கியுள்ளது என்பதை அமெரிக்க நாட்டு வரலாறு காட்டும். அங்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கதிரூட்டலை உணவில் சேர்க்கும் பொருள்களுள் ஒன்றாகவே வகைப்படுத்தியது. 1986-இல் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் இசைவு தந்தபோது, கதிரூட்டியது என்பதை வெளிப்படச் சொல்லும் தொடரும், பச்சை வட்டத்துள் செடி வரைந்த குறியும் பொதியின்மேல் இருத்தல் வேண்டுமென அந்நாட்டரசு கட்டாயமாக்கியது. குறியைக் கண்டால் எவரும் வாங்கார் என்று வணிகர் அஞ்சினர். 1992-இல் புளோரிடாவிலும் சிக்காகோ வட்டாரத்திலும் கதிரூட்டிய செம்புற்றுப்பழம் பெயரை மறைக்காமலே விற்கப்பட்டது. மக்கள் விளக்கத்தைப் படித்து வாங்கினர். சொல்லிவிட்டு விற்றால் விற்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா. ஆயினும் வணிகர்தம் அச்சம் தீரவில்லை. பால் காய்ச்சுவதற்கு வழங்கும் பாசுச்சர் முறைப் பெயரைக் கதிரூட்டலுக்கும் சூட்டிவிட வேண்டும் என்று முயன்றனர். மாற்றுப் பெயர்களைக் கருதிப் பார்க்குமாறு 2002-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்திலேயே இடம் பெற்றுவிட்டனர். பெயரை மாற்றினால் பொருளும் மாறிவிடும் என்று கருதுவோர் எந்நாட்டிலும் உளர் போலும்!

இந்நாட்டிலோ மறைப்பதற்கு அத்தகைய முயற்சிகூடத் தேவைப்படவில்லை. 1975-இல் ஐதராபாதில் உள்ள ஊட்டவியல் ஆய்வு நிறுவனத்தார், கடும் ஊட்டக்குறைவால் வாடிய குழந்தைகளுக்குக் கதிரூட்டிய கோதுமையைக் கொடுத்து ஆய்ந்த முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து குழந்தைகளே இருந்தனர். கதிரூட்டிய உடனே அக்கோதுமையை உண்ட குழந்தைகளின் குருதியில், குரோமோசோம்கள் இயல்பான எண்ணிக்கையினும் மடங்காகப் பெருகிய உயிரணுக்கள் தோன்றின என்பதும், அவ்வுணவை நிறுத்தியபின் அவை படிப்படியே குறைந்தன என்பதும் அம்முடிவு. திராம்பே அணு ஆய்வாளர் இதனை மறுத்தனர். நடுவணரசு இருவர் குழுவை அமர்த்தியது. 1976-இல் அக்குழு, அவ்வாய்வின் சான்றுகள் அம்முடிவைத் தாங்கமாட்டா என்றது. 1980-இல் உலக நலவாழ்வு அமைப்பும் பிறவும் கூட்டிய வல்லுநர் குழு, பத்துக் கிலோகிரே அளவுவரை கதிரூட்டிய எவ்வுணவிலும் நச்சியல் இடரில்லை என்று முடிவு கூறிற்று. அறிவியலில் இத்தகைய வழக்காடல் இயல்பே; ஐந்து குழந்தைகளைக் கொண்டு உலகத்தின் உணவைத் தீர்மானித்தலும் இயலாது. நாம் வருந்துவது வேறொன்றுக்கு. அவ்வழக்கு ஆங்கில ஆய்விதழ்களில் நடந்து, ஆங்கில அறிக்கையில் முடிந்தது. குழந்தைகள் ஆங்கிலம் பேசாத் தாய்மாரின் குழந்தைகள்.

இங்கு நம் அன்பர் சிலரையும் நாம் இடித்துரைக்க வேண்டியுள்ளது. புதியது எல்லாம் நஞ்சு, பழையது எல்லாம் மருந்து என்று மேடையேறி முழங்குவது எளிது. கதிர் வேண்டாவென்றால் நறுமணப் பொருளில் உள்ள நுண்ணுயிரை வேறெவ்வாறு அழிக்கின்றனர் என்று அவர்கள் கேட்டதுண்டா? எத்திலீன் ஆக்சைடு என்னும் வளியை ஊட்டி அழிக்கும் வழக்கம் உண்டு. அவ்வளி புற்றுநோய் விளைப்பது என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது. 2024 ஏப்பிரலில் ஆங்காங்கும் சிங்கப்பூரும் இந்தியாவினின்று வந்த சில மசாலைத் தூள்களில் அது இருக்கக் கண்டு விற்பனையை நிறுத்தின. அப்போதுதான் நம்மவர்க்குச் செய்தி தெரிந்தது. பெயரில் ‘கதிர்’ இருப்பதால் ஒன்றுக்கு அஞ்சி, பெயரே தெரியாததால் மற்றொன்றை அஞ்சாது உண்டிருக்கின்றோம்!

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பொதியிட்ட உணவின்மேல் இருக்க வேண்டிய செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்பது நடுவணரசின் உணவுக் காப்பு ஒழுங்குமுறை. 2011-இல் அவ்வாறே இருந்தது. 2020-இல் புதுக்கியபோதும் அவ்வாறே வைத்தனர். பிறமொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்று ஓர் ஒட்டுவரி உண்டு. தடையில்லையாம்! எட்டுக் கோடி மக்களை எட்டும் மொழிக்கு இச்சட்டம் அளித்திருக்கும் இடம் அவ்வளவே. கதிரூட்டிய பொதியின்மேல் கதிரூட்டிய நாளும் நோக்கமும் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திவிட்டு, அதனைப் படிக்கவியலா மொழியில் எழுதலாம் என்று இசைவு தருவது எவ்வகைக் காப்பு? 2007-இல் மராட்டியத்து மாம்பழம் பதினெட்டாண்டுக்குப் பின் மீண்டும் அமெரிக்கா செல்லத் தொடங்கியது. நாசிக்கு மாவட்டத்து இலாசல்காவ் நிலையத்தில், அமெரிக்க வேளாண் துறையின் அலுவலர் மேற்பார்வையிலேயே கதிரூட்டி அனுப்பப்பெற்றது. அமெரிக்கன் உண்ணும் மாம்பழத்துக்கு அவன் நாட்டு அலுவலர் கடல் கடந்து வந்து காவல் நிற்கின்றார்; பொதியில் அவன் மொழியில் எழுதப்பெறுகின்றது. தமிழன் வாங்கும் மிளகுப் பொட்டலத்துக்குத் தமிழில் ஒரு வரி கட்டாயமில்லை.

இதன் விளைவை நாம் பங்கீட்டுக் கடைகளிலேயே கண்டோம். அரிசி மாவுடன் இரும்பும் போலிக் காடியும் பி-12 ஊட்டமும் கலந்து, பொறியிலிட்டு அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகளை, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் கலப்பதே செறிவூட்டல். 2021-ஆம் ஆண்டு விடுதலை நாளுரையில் தலைமையமைச்சர் இதனை நாடெங்கும் விரிவாக்குவதாக அறிவித்தார். அரிசி வந்தது, விளக்கம் வரவில்லை. களையும்போது சில மணிகள் மிதந்தன, நிறம் வேறுபட்டன. ‘நெகிழி அரிசி’ என்று ஊர்தோறும் பேச்சு எழுந்தது. தாய்மார் முறத்தில் இட்டுப் பொறுக்கியெறிந்தனர். அவர்களை அறிவிலார் என்று எள்ளினர் கற்றறிந்தோர் சிலர். அரிசியை ஆயிரம் முறை களைந்த கை, அயலான மணியை அடையாளங்கண்டது. அஃது அறிவேயன்றி அறியாமையன்று. அம்மணி என்னவென்று சொல்லாதவர்களே அறியாமைக்குப் பொறுப்பு. செறிவூட்டிய உணவுக்கென நடுவணரசு வகுத்த நீலக்குறியின் அடியிலோ ‘சம்பூர்ண போசண், சுவசுத் சீவன்’ என்று இந்தி முழக்கம். தலசீமியா என்னும் குருதிநோய் உடையார், இரும்பு சேர்த்த உணவை மருத்துவர் மேற்பார்வையில் உண்க என்னும் எச்சரிக்கையை 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வகுத்திருந்தது. ஆனால் பங்கீட்டு அரிசி மூட்டையினின்று எடையிட்டு அளிக்கப்படுவது. மூட்டைமேல் எம்மொழியில் எழுதியிருப்பினும் அவ்வெழுத்து வாங்குபவள் பையில் ஏறுவதில்லை.

கத்தரிக்காய் வரலாறு இன்னும் கொடிது. மரபீனி மாற்றிய கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் வல்லுநர் குழு இசைவு தந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அப்பணியிற் பங்கு கொண்டிருந்தது. கோவை, மதுரை, கிள்ளிகுளம், பாலூர் ஆகிய ஊர்ப்பெயர் தாங்கிய நம் நான்கு கத்தரி வகைகளில் அம்மரபீனி ஏற்றப்பட்டது. எதிர்ப்பு எழவே, நடுவண் அமைச்சர் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாது, நாகபுரி, சண்டிகர், ஐதராபாது, பெங்களூர். தமிழ்நாட்டில் ஓரூரும் இல்லை. 2010 பெப்பிரவரி 9 அன்று அவர் அதனை நிறுத்திவைத்தது நமக்கும் நன்றாயிற்று எனலாம். ஆனால் நம் நிலத்துக் கத்தரிக்காயைப் பற்றி நம்மை வினவாமலே நன்மை செய்தவர், நாளை வினவாமலே தீமையும் செய்யலாம்.

நம் முன்னோர் புதிய உணவை மறுத்தவர் அல்லர். அமெரிக்கக் கண்டத்தினின்று கடல்வழி வந்த காய், மிளகுபோற் காரமுடைமையால் மிளகாய் ஆயிற்று. வந்த கிழங்கு உருண்டிருந்ததால் உருளைக்கிழங்கு ஆயிற்று. இங்கிருந்த தக்காளிச் செடியின் பெயரே அயலினின்று வந்த பழத்துக்கும் நீண்டது. வாயிலிடுமுன் பெயரிட்டனர், பெயரிடுமுன் பொருளை ஆய்ந்தனர். நெல்லை அவித்து உலர்த்தும் புழுங்கல் முறை ஓர் உணவு நுட்பமன்றி வேறென்ன? உமியடியில் உள்ள ஊட்டம் அதனால் அரிசியுட் புகுகின்றது. தீட்டிய பச்சரிசி உண்டாரைத் தாக்கிய பெரிபெரி நோய் புழுங்கலரிசி உண்டாரை அத்துணை தாக்கவில்லை. துவரைக்குச் செம்மண் கட்டி வைத்த பெண், தான் செய்வது யாது, எதன்பொருட்டு என்பதைத் தன் மகளுக்குத் தன் மொழியிற் சொல்லிச் சென்றாள்.

ஒட்டுவரியையேனும் பயன்படுத்துவதற்கு நம் வணிகரை யார் தடுத்தனர்? ஈரோட்டு மஞ்சளையும் சாத்தூர் மிளகாயையும் பொட்டலமிட்டுத் தமிழர்க்கே விற்கும் தமிழ் வணிகர் பலர், பொட்டலத்தின் முன்புறத்தில் தம் குலப்பெயரைத் தமிழில் பெரிதாகவும், பின்புறத்தில் உட்கூறுகளை ஆங்கிலத்தில் எறும்பளவாகவும் அச்சிடுகின்றனர். அவர்களிடம் வாங்கும் நம் அன்பர்கள் அடுத்த முறை பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்டல் வேண்டும். ஒருமுறையன்று, ஒவ்வொரு முறையும். தமிழ்நாட்டரசுக்கு நடுவண் ஒழுங்குமுறையைத் திருத்தும் ஆற்றல் இல்லையெனினும், தன் பங்கீட்டுக் கடைச் சுவரில் தமிழில் ஒரு பலகை தொங்கவிட எவர் இசைவும் வேண்டியதில்லை. இந்த அரிசியில் கலந்துள்ள மணி எது, அதில் என்னென்ன உள, எந்நோயாளர் மருத்துவரைக் கேட்டு உண்ணல் வேண்டும் என்னும் மூன்று வரிகள் போதும். கதிரூட்டிய பொதிக்கும் மூன்று வரிகளே: ‘கதிரூட்டியது. கதிரூட்டிய நாள் இது. முளைவிடாதிருத்தற்பொருட்டு’ – அல்லது ‘நுண்ணுயிர் நீக்குதற்பொருட்டு’. இவ்வளவையும் எழுத ஒரு வெங்காயச் சாக்கில் இடமுண்டு.