மாலை ரயிலும் சூரியகாந்தியும்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் 1870 முதலே கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டி, சட்டையில் சின்னம் குத்தி, அக்கா தங்கைச் சங்கங்கள் நடத்திவருகிறார்கள். நமக்கு அந்த எழுத்துகள் தேவைப்படவில்லை. 1915இல் தொடங்கிய சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரிக்குச் சூரியகாந்திதான் சின்னம்; ஒளி பெற்றது ஒளி தரவே என்பது அதன் குறிக்கோள். ஆனால் பொதுவாகவே கல்லூரியின் அக்கா தங்கை உறவு விடுதிப் பெண்களுக்குத்தான் முழுசாக வாய்க்கிறது. அதுதான் என் வருத்தம். ஆவடி பக்கத்து எங்கள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் போகும் பெண், மாலையில் மெழுகுவர்த்தி ஏந்தி நடத்தும் விளக்கேற்றும் விழா தொடங்கும் முன்பே ஆவடி ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள். ஏற்றாத மெழுகுவர்த்தி, காகிதக் குவளை சுற்றியபடியே, டிபன் பாக்ஸோடு வீடு வந்து சேர்கிறது. விழாவை மதியத்தில் வையுங்கள். பக்கத்தில் நிற்பவளின் திரியிலிருந்து அவளும் தன் திரியைப் பற்றவைக்கட்டும்.