சித்தப்பா சார்!

துபாயில் எனக்கு ஓர் அண்ணன் மகன் இருக்கிறான். சொந்தமா என்று கேட்காதீர்கள். மாசம் 600 திர்ஹாம் சொந்தம்!

பகலில் நான் தேராவில் ஒரு ஹார்டுவேர் கம்பெனி அக்கவுன்டன்ட். சாயங்காலம் கராமாவில் அந்தப் பையனுக்கு மேத்ஸ் ட்யூஷன். எட்டாம் கிளாஸில் ஆரம்பித்தது. நம்மூரில் இதெல்லாம் ஒரு விஷயமா? இங்கே என் விசா கம்பெனி கொடுத்தது. பர்மிட் இல்லாமல் வெளியே சம்பாதித்து மாட்டினால் என்னை ஃப்ளைட் ஏற்றிவிடுவார்கள். தங்கச்சி கல்யாணக் கடன், ஏர்போர்ட்டுக்கே வந்து என்னை வரவேற்கும்.

பையனின் அப்பா திருநெல்வேலி. நான் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவேன். "எவனாவது கேட்டா சித்தப்பான்னு சொல்லுல" என்று மகனுக்குப் பாடம் எடுத்தார். நான் நடத்தின அல்ஜீப்ராவைவிட அது அவனுக்கு நன்றாகவே ஏறியது.

ஒருநாள் காலிங்பெல். வாசலில் யூனிஃபார்மில் இரண்டு பேர். நான் நோட்டை சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு டி.வி. பார்க்க ஆரம்பித்தேன் (டி.வி. ஆஃப் ஆகியிருந்தது). பையன் கதவைத் திறந்து, யாரும் கேட்காமலே, "அவர் எங்க சித்தப்பா! சொந்தச் சித்தப்பா!" என்று கத்தினான். வந்தவர்கள் ஏ.சி. ரிப்பேர்காரர்கள். ஒரு பக்கெட் கேட்டார்கள்.

2023 டிசம்பரில் அரசாங்கமே வழி விட்டது. தனியார் ட்யூஷனுக்கு இரண்டு வருஷ பர்மிட், கட்டணம் கிடையாது. வாத்தியார்தான் என்றில்லை, வேறு வேலையில் இருப்பவர், வேலையில்லாதவர், 15 வயசு ஸ்கூல் பையன்கூட மனுப் போடலாம். (நம்ம பையன் போட மாட்டான். அவன் மேத்ஸ் மார்க் அப்படி!)

எல்லாம் சரி, வேலையில் இருப்பவன் முதலாளியிடம் என்.ஓ.சி. வாங்கணுமே! எட்டு மாசம் தள்ளிப்போட்டேன். 2024 ஆகஸ்டில், பர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் அபராதம் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை என்று சட்டத்தை இறுக்கினார்கள். இது கம்பெனிகளுக்குச் சொன்னது என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அண்ணாச்சி கேட்கவில்லை. "தம்பி, ஒங்கள ஊருக்கு அனுப்புவான். என்னைய ஆண்டியால்லா ஆக்கிருவான்!"

மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"ஏன், சம்பளம் போதலையா?"

போதும் என்றால் ட்யூஷன் எதற்கு? போதாது என்றால் வம்பு. "கணக்கு மறந்துடக் கூடாதுன்னுதான் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் அக்கவுன்டன்டுக்குக் கணக்கு மறக்குதா?"

ஏ.சி. ரூமில் வியர்த்த முதல் ஆள் நான்தான். கடைசியில், ஆபீஸ் நேரத்தில் ட்யூஷன் போன் வரக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நன்னடத்தைச் சான்றிதழ், போட்டோ, நடத்தை விதிகளில் என் கையெழுத்து என்று எல்லாம் சேர்த்து அனுப்பினேன். ஐந்து வேலை நாளில் பதில். நிராகரித்தால் ஆறு மாசம் கழித்துத்தான் மறுபடி. அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிடைத்துவிட்டது, சார்!

அன்று சாயங்காலம் புத்தகத்தை ஒளிக்காமல் கையில் பிடித்தபடி லிஃப்ட்டில் ஏறினேன். பையனை உட்காரவைத்து, "தம்பி, இனிமே பயமே இல்லை. நான் முறைப்படி வாத்தியார். இன்னியிலேர்ந்து என்னை 'சார்'னுதான் கூப்பிடணும், என்ன?" என்றேன்.

"சரி சித்தப்பா."